மேலணையும் கீழணையும்

புணே நகரில் குடியேறிய நாம் பான்ஷேத் என்னும் பெயரைப் பெரியோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். முட்டா நதியின் கிளையாகிய அம்பியின் குறுக்கே எழுந்த மண் அணை அது. வேலை முற்றுப்பெறுமுன்னரே 1961ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அதில் நீர் தேங்கிற்று. மதகுக் குழாயின் மேலிருந்த கரை அமிழ்ந்தது. இராணுவ வீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டை அடுக்கியும் பயனில்லை. ஜூலை 12ஆம் நாள் காலை அணை உடைந்தது.

கீழே கடக்வாஸ்லாவில் இருந்ததோ பழைய கல்லணை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நின்றது. மேலிருந்து ஓர் ஏரியே வந்து விழுமென அதைக் கட்டியோர் எண்ணியிருக்க இடமில்லை. ரயில்வேயில் நாம் லைன் கிளியர் பெறாமல் வண்டி விடுவதில்லை. வெள்ளம் அவ்வாறு கேட்டு வருவதில்லையே! அன்றே அதுவும் உடைந்தது. ஆற்றோரப் பேட்டைகள் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் குடிநீர்க் குழாய்கள் வறண்டன. நகரம் அந்த ஏரியையே நம்பியிருந்தது.

2019 ஜூலை 2 இரவு இரத்தினகிரி மாவட்டத்தில் திவரே சிறுபாசன அணை உடைந்து சுமார் இருபது பேர் மாண்டனர். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்தவற்றுள் சிலவற்றையுமே தழுவுகிறது. அதனினும் தாழ்ந்த ஊர்க்கரைகள் அதற்குப் புறம்பானவை. அவற்றுள் பல, ஒரே ஓடையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன.