யார்டுக்குள்ளிருந்து வரும் அறிக்கை

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் கன்டெய்னர் யார்டு போன்ற இடத்தில் வைஃபை அமைப்பவருக்கு முதல் தடை இரும்பு. எட்டரை அடி உயரக் கன்டெய்னர்களை ஐந்தடுக்காக வைத்தால் 42.5 அடிச் சுவர். காலையில் நின்ற சுவர் மாலையில் கப்பலேறிவிடும். முத்துக்குளிப்பில் கடலடியை அறிந்தவர் குளிப்பவர். தோணியில் கயிறு பிடிப்பவர் அல்லர். அதுபோல அடுக்குகளுக்கு இடையில் வைஃபை அலை எப்படி இருக்கிறது என்பது டிரெய்லரில் உள்ள கருவிக்குத்தான் தெரியும், கம்பத்து உச்சியிலிருந்து அந்த அலையைத் தரும் ஆக்சஸ் பாயின்ட்டுக்குத் தெரியாது. கருவியிடம் அதை விசாரிக்கும் முறையை 2008-இல் வந்த ஐ.இ.இ.இ. 802.11கே தரம் வகுத்தது. அதன் கட்டளைகளின் கருத்தை மட்டும் தமிழில் தந்து உரை சொல்கிறேன்.

'இந்தச் சேனலைக் கேள்.' எல்லாவற்றையும் கேட்கச் சொல்லாததே இதன் சிறப்பு. ஆக்சஸ் பாயின்ட் தன் இருப்பை வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் உள்ள 13 சேனல்களிலும் அவ்வளவு நேரம் காத்திருந்தால் 1.3 நொடி போய்விடும். அதுவரை ஓட்டுநருக்கு வரும் செய்தியும் காத்துக் கிடக்கும்.

'இந்த அவகாசத்துக்குள் ஏதோ ஒரு கணத்தில் தொடங்கு.' ஒரே கட்டளை பல கருவிகளுக்குப் போகும்போது அத்தனையும் ஒன்றாகக் கேட்கப் போய், ஒன்றாகத் திரும்பிப் பதில் சொல்லி மோதாதிருக்க இந்த ஏற்பாடு.

'இவ்வளவு நேரம் கேள்.' விளக்கம் தேவையில்லை. அலகு 1,024 மைக்ரோசெகண்ட்.

'முன்பே கேட்டது இருந்தால் அதையே சொல்.' புதிய அளவீடு இல்லாததால் செலவு குறைவு. அலுவலகக் கட்டடத்துக்கு நல்லது. சுவரே இடம் மாறும் யார்டில் பழைய பதிலை நான் நம்பமாட்டேன்.

'அலையின் வலிமை குறித்த எல்லையைத் தாண்டினால் மட்டும் சொல்.' அறிக்கையும் அதே அலையில்தான் போகிறது. தேவையற்ற அறிக்கை வேலைக்கான இடத்தைத் தின்கிறது. ஆகவே மாற்றம் இல்லையேல் மௌனம். ஆனால் யார்டில் இந்த மௌனத்துக்கு இரண்டு பொருள் உண்டு: எல்லாம் நலம் என்பது ஒன்று, பேசவே முடியாத இருட்டில் கருவி சிக்கிக்கொண்டது என்பது மற்றொன்று. எனவே எல்லையைத் தொடர்பு அறும் அளவில் வைக்கக் கூடாது. அலை தளரத் தொடங்கும்போதே, கருவியால் இன்னும் பேச முடிகிறபோதே, அறிக்கை புறப்பட வேண்டும்.

'என்னால் இயலாது', 'இப்போது மறுக்கிறேன்.' இவை கட்டளைகள் அல்ல, கருவி தரும் பதில்கள்; பதிலில் இவற்றுக்குத் தனித்தனி பிட் உண்டு. மறுத்த கருவியைப் பிறகு கேட்கலாம். இயலாத கருவியை மீண்டும் கேட்பது வீண். இயலாத கருவிகள் யார்டில் மிகுந்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஆகவே கருவி எந்தெந்த அறிக்கைகளைத் தர வேண்டும் என்பதைக் கருவி வாங்கும் டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்.