சுயமரியாதைத் திருமணம்

புரோகிதரும் வேள்வித் தீயும் வடமொழி மந்திரமும் இல்லாமல், உற்றார் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் மணமுறை. சீர்திருத்தத் திருமணம் என்றும் சொல்வர். பெரியார் ஈ.வெ.ரா. இதை வாழ்க்கைத் துணை ஒப்பந்தம் என்றார்.

புரோகிதரை விலக்குவதில் மகாராட்டிரம் முந்திக்கொண்டது. ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் சமாஜம் 1873-லேயே அப்படி மணம் நடத்தியது. தமிழகத்தில் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் குறிவைத்தவற்றுள் முக்கியமானது கன்னிகாதானம். தகப்பன் தானம் கொடுக்க மாப்பிள்ளை வாங்கிக்கொள்கிறார் என்றால், அங்கே பெண் பொருளாகிவிடுகிறாள் என்பது அதன் வாதம். 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பர். பின்னர் கலப்பு மணங்களும் கைம்பெண் மறுமணங்களும் இம்முறையில் பெருகின. வேண்டுமென்றே ராகுகாலத்தில் நடத்தியவர்களும் உண்டு. மேடையில் தலைவர்கள் நெடுநேரம் பேசுவார்கள். மணப்பெண் பேசியதோ பெரும்பாலும் உறுதிமொழி அளவுக்குத்தான்.

சட்டம் இதை ஏற்கவில்லை. 1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம், சொத்துத் தகராறு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1953-இல் அந்த மணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. சடங்கு சாத்திரப்படி இருக்க வேண்டும், இல்லையேல் நெடுங்கால வழக்கமாக இருக்க வேண்டும். நினைத்த மாத்திரத்தில் வழக்கத்தை உண்டாக்க முடியாது என்பது காரணம். ஊரறிய மாலை மாற்றிக்கொண்டவர்களின் மணமே கேள்விக்குள்ளானது. பெண்ணை விடுவிக்க வந்த முறையில் அவளுடைய மனைவி உரிமையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டம் கண்டன.

1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா இதைச் சரிசெய்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென 7-அ பிரிவு சேர்ந்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த மணங்களுக்கும் அது பொருந்தும். தமக்குப் புரியும் மொழியில் ஏற்பதாகச் சொல்லலாம், மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றுள் ஒன்று நடந்தாலே போதும். நடுவில் நிற்கும் ‘அல்லது’தான் இப்பிரிவின் உயிர். அது ‘மற்றும்’ ஆகியிருந்தால் தாலி கட்டாயமாகியிருக்கும். சட்டம் தாலியை விருப்பத்துக்கு விட்டாலும், இன்றும் பல சீர்திருத்த மேடைகளில் தாலித் தட்டு சுற்றி வரத்தான் செய்கிறது.

வீட்டை எதிர்த்து மணப்போருக்கும் இப்பிரிவே புகலிடம். வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் மணங்கள் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2023-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரைக் கூட்டி அறிவித்தால்தான் மணம் என்று வற்புறுத்துவது, வீட்டாருக்கு அஞ்சி வரும் இணையரை ஆபத்தில் தள்ளும் என்றது.

சடங்கை மாற்றுவது எளிதாக இருந்தது; சொத்து அப்படியில்லை. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 1989-இல்தான் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமாகிப் போன மகள்களுக்கு அச்சட்டமும் பங்கு தரவில்லை.