ஈரல் நொதியப் பரிசோதனை

ஈரற் கலங்களுக்குள் தொழிற்படும் நொதியங்கள், அக்கலங்கள் ஊறுபடுங்கால் இரத்தத்திற் கசிந்து கலப்பதனால், அவற்றின் அளவினின்றும் ஈரலின் நிலையை அனுமானிக்கும் முறை இது. அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கார்மன் முதலியோர் 1955-ஆம் ஆண்டளவில் இதற்கு வழிவகுத்தனர். இந்நொதியங்களுள் ஏ.எல்.டி. என்பது பெரும்பாலும் ஈரலுக்கே உரியது, ஏ.எஸ்.டி. என்பதோ இருதயத்திலும் தசையிலும் உண்டாகலின், இலங்கையின் மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளத்தில் கரைவலை இழுத்துத் தசை நொந்தவர்க்கும் அது உயர்ந்து காணப்படலாம். ஆகையால் நோயாளியின் தொழிலை விசாரியாது முடிபு கூறுதல் தகாது.

நொதியம் உயர்வதற்குச் சர்வசாதாரணமான காரணம், உடற்பருமனோடும் நீரிழிவோடும் வரும் கொழுப்பு ஈரலாகும். மதுபானத்தால் விளையும் கேட்டில் ஏ.எஸ்.டி.யானது ஏ.எல்.டி.யின் இருமடங்குக்கு மேற்படுவதுண்டு. காசநோய் மருந்துகளும் அளவு மிஞ்சிய பனடோலும் ஈரலைத் தாக்கும். 2009-இல், உள்நாட்டு யுத்தத்தால் இடம்பெயர்ந்தோர் நெருக்குண்டு வாழ்ந்த வவுனியா முகாம்களில் பரவிய ஏ வகை ஈரலழற்சி, அசுத்த நீரால் வருவது. அந்நோயில் நொதியங்கள் ஆயிரம் அலகுகளைத் தாண்டுதல் இயல்பு. எலிக்காய்ச்சலிலோ, கண் நன்கு மஞ்சளித்தும் நொதியங்கள் மிதமாகவே உயரும் விசேஷம் கவனிக்கத்தக்கது. முற்றிய ஈரல் இறுக்கத்தில் அவை இயல்பளவில் நிற்பதும் உண்டு. எனவே எண் ஒன்றே நோயின் உக்கிரத்தை உரைப்பதன்று.

தூரத்துக் கிராமத்தினின்றும் ஆய்வுகூடத்துக்குச் செல்லும் குருதி, வழியிற் குலுங்கிச் செங்கலங்கள் உடையுமாயின், அதன் தெளிநீர் செந்நிறமேறி ஏ.எஸ்.டி. பொய்யாக உயர்ந்து தோன்றும். அத்தகைய மாதிரியை நிராகரித்து மீளவும் குருதி எடுத்தலே முறை.