மெட்டாலிகாவுக்கு உந்துதலான ‘டைமண்ட் ஹெட்’

இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் நகரில் 1976-ஆம் ஆண்டு உருவான ஹெவி மெட்டல் இசைக்குழு ‘டைமண்ட் ஹெட்’. பெரிய இசை நிறுவனம் எதுவும் முன்வராததால், 1980-இல் தங்களது முதல் இசைத்தொகுப்பை அவர்களே வெளியிட்டனர். அதன் வெள்ளை உறையில் தலைப்புகூட இல்லை.

அவர்களது இசையில் ஈர்க்கப்பட்ட 17 வயது லார்ஸ் உல்ரிச், 1981-இல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து வந்து, குழுவினரின் வீடுகளிலேயே சில வாரங்கள் தங்கினார். அதே ஆண்டில் அவர் இணைந்து நிறுவிய குழுவே மெட்டாலிகா.

1983-இல் வெளியான ‘கேன்டர்பரி’ தொகுப்பின் மாறுபட்ட பாணி பழைய ரசிகர்களைக் கவரவில்லை. 1985-இல் குழு கலைந்தது. எனினும், பிரையன் டாட்லரும் ஷான் ஹாரிஸும் எழுதிய ‘ஆம் ஐ ஈவில்?’ பாடலை 1984-இலேயே மெட்டாலிகா பதிவு செய்திருந்தது. சொந்த இசைத்தட்டுகள் தராத உலகப் புகழை அப்பதிவு தேடித் தந்தது.

பின்னர் மீண்டும் இணைந்த குழுவில், தொடக்கக்கால உறுப்பினர்களில் எஞ்சியிருப்பவர் கிதார் கலைஞர் டாட்லர் மட்டுமே.