சிறைக்குப் போன பார்சல்கள்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் நம்மவர்களுக்கு அங்குள்ள பழைய படைவீரர் ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. முதலாம் உலகப்போரில் காயப்பட்டு வந்தவர்களுக்காக 1917இல் தொடங்கியது அது. 2016இல்தான் மத்திய அரசு அதைக் கியூபெக் மாகாணத்திடம் கையளித்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது காயப்பட்டவர்கள் அல்ல, பிடிபட்டவர்கள். மறியலில் இருந்த பிள்ளையோடு வீட்டுக்காரர் எப்படித் தொடர்பு வைத்திருந்தார்கள் என்பது, அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவான கதை.

1942 ஆகஸ்ட் 19ஆம் திகதி பிரான்சின் டியெப் கரையில் இறங்கிய கனடியப் படையில் 1,946 பேர் ஜேர்மனியரிடம் சிறைப்பட்டனர். மொன்றியலைச் சேர்ந்த ஒரு படைப்பிரிவும் அங்கே இறங்கியிருந்தது. பிடிபட்டவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் உணவுப் பார்சல் அனுப்பியது. பால்மா, பட்டர், இறைச்சி ரின், மீன் ரின், முந்திரிகை வற்றல், சீனி, சொக்லேற், சவர்க்காரம், எல்லாம் ஒரு பெட்டிக்குள். கட்டிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத பெண்கள். போர் முடிவதற்குள் கனடாவிலிருந்து மட்டும் 1 கோடியே 60 இலட்சம் பார்சல்கள் போயினவாம்.

கடிதத்துக்கு முத்திரைச் செலவு இல்லை. ஆனால் தணிக்கைக்காரன் வாசித்த பிறகுதான் கைக்கு வரும். எதிரி நாட்டில் அகப்பட்ட பொதுமக்களோடு பேசுவதென்றால் ஜெனீவா ஊடாக ஒரு படிவம், அதில் 25 சொற்கள் மட்டும். "அப்பா சுகம், தங்கச்சி பள்ளிக்கூடம் போறாள்" என்பதற்கே அதில் ஐந்திலொரு பங்கு போய்விடும்!

இவ்வளவும் நடந்ததற்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை கைதிக்குக் கடிதமும் பார்சலும் உரிமை என்று எழுதி வைத்திருந்தது. பிடித்தவன் பெயரை அறிவிக்க வேண்டும். முதலாம் போரிலேயே ஜெனீவாவில் கைதிகளின் பெயர் அட்டைகள் ஏறக்குறைய 70 இலட்சம் சேர்ந்திருந்தன. பெயர் பதிந்த ஆளைச் சத்தமில்லாமல் இல்லாமற் செய்வது கடினம்.

எங்கட பிள்ளைகளுக்கு அந்த உடன்படிக்கை இல்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டம் அமைச்சரின் கட்டளையில் மும்மூன்று மாதமாக 18 மாதம்வரை வழக்கில்லாமல் வைத்திருக்க இடம் கொடுத்தது. 1983 யூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் 35 தமிழ்க் கைதிகளும், 27ஆம் திகதி 18 பேரும் கொல்லப்பட்டனர். 53 பேரில் ஒருவருடைய உடலும் வீட்டுக்கு வரவில்லை. அதன்பிறகு சிறைக்குப் பார்க்கப் போன ஒவ்வொரு தாயும் அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் போனாள்.

போனது எவ்வளவு தூரம்? பூசா முகாம் காலிக்குப் பக்கத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து யாழ்தேவியில் ஏறினால் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் மட்டில், அங்கிருந்து தெற்கே இன்னும் நூற்றுக்கு மேல். சிங்களம் தெரியாத அம்மாமார், கையில் ஒரு பை. எங்கள் அண்ணர் உள்ளே இருந்த காலத்தில் அம்மா கட்டின பார்சலைச் சொல்கிறேன்: அங்கர் பால்மா, சவர்க்காரம், ஒரு சாரம், பழுதாகாத பருத்தித்துறை வடை, எள்ளுப்பாகு. மொன்றியல் பெண்கள் கட்டிய பெட்டியிலும் முதலிடம் பால்மாவுக்குத்தான். கடிதத்தில் அம்மா மாடு கன்று போட்டதையும் மாமரம் காய்த்ததையும்தான் எழுதுவா. வாசிக்கிறவனுக்கு வெட்ட ஒன்றும் இராது, அண்ணருக்கு வீடு முழுக்கத் தெரியும்.

பார்சலோடு நிற்காதவர்களும் இருந்தார்கள். 1984இல் இளைஞர்களைக் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனபோது, யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகிக் கச்சேரிக்கு ஊர்வலம் போனது. எங்கள் சரித்திரக் கட்டுரைகளில் தலைவர்களுக்குக் கிடைக்கும் இடத்தில் கால்வாசியாவது இவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் இலங்கையில் வேலை தொடங்கியது 1989இல். தடுப்பிலிருந்தவர்களைத் தனியே சந்தித்தார்கள், பெயர் பதிந்தார்கள், செய்தித்தாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். உறை இல்லாத திறந்த தாள், குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். 1990 யூனில் யாழ்தேவி நின்று, சனம் கிளாலிக் கடலில் வள்ளத்தில் போய்வந்த நாட்களில் அந்தத் தாளின் மதிப்பு எங்களுக்குத் தெரியும்.

பெயர் பதியப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2009 மே மாதம் காட்டியது. படையிடம் கையால் பிடித்து ஒப்படைத்த பிள்ளைக்கு ஒரு துண்டும் இல்லை, ஒரு இலக்கமும் இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் உட்கார்ந்த தாய்மார் கேட்டது விடுதலையை அல்ல, முதலில் ஒரு பட்டியலை. பார்சல் கட்ட ஆயத்தமாக இருப்பவளுக்கு விலாசம் இல்லை. மறியலில் பிள்ளை இருந்த தாயைவிட இவள் நிலை கொடியது.

கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தில் குடும்பத் தொடர்பு தேடும் சேவை இருக்கிறது, காசு கேட்பதில்லை. போகமுன் வீட்டில் இவற்றை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: ஆளின் முழுப்பெயர், தகப்பன் தாய் பெயர், பிறந்த திகதி, ஊர், கடைசியாகக் கண்ட இடமும் நாளும், யார் கண்டது. பழைய செஞ்சிலுவைத் தாள் ஏதும் கிடந்தால் எறியாதீர்கள், அதில் இலக்கம் இருக்கலாம். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ படிவம் நிரப்பக் கஷ்டப்படுகிறவர்கள் சங்கத்தில் சொல்லுங்கள், நான் வந்திருந்து எழுதித் தருகிறேன்.