கடலூர்க் கரையோரத்தில் குரோஷாப் பின்னல்

குரோஷா என்பது நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பின்னும் வேலை. ஸ்வெட்டர் பின்ன இரண்டு ஊசிகள் வேண்டும். ஒரு வரிசையின் அத்தனை கண்ணிகளும் ஊசியிலேயே கோத்து நிற்கும், ஊசி நழுவினால் எல்லாம் நழுவும். குரோஷாவில் எந்த நேரமும் ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரு கண்ணிதான். உலை பொங்கினால் ஊசியை வைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம். கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் இந்தப் பின்னல் இடம் பிடித்ததற்கு அழகைவிட இந்த வசதியே பெரிய காரணம் எனலாம்.

துணிக்கு இந்தக் கரை புதிதன்று. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை உள்ள ஊர்களும் கம்பெனிக்குச் சேர்ந்தன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. வாங்கியதன் முக்கிய நோக்கம் துணி வணிகம். கடலூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வெள்ளைத் துணியும் நீலச் சாயத் துணியும் கப்பலேறின. துணி வெளுப்போரை நினைவூட்டும் வண்ணாரப்பாளையம் என்ற ஊர்ப்பெயர் இன்றும் கடலூரில் நிற்கிறது. ஆனால் அந்தத் துணியெல்லாம் தறி வேலை. கையால் நூலை இணைக்கும் தொழில் என்றால் மீனவர்களின் வலைதான் இங்கே பழையது. வலையும் குரோஷாவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கட்டுமானம் வேறு. வலையின் ஒவ்வொரு கண்ணும் முடிச்சால் இறுகியது, ஓரிடத்தில் அறுந்தால் மற்றது நிற்கும். குரோஷாக் கண்ணிகளில் இறுகிய முடிச்சு இல்லை. கடைசிக் கண்ணியை விடுவித்து நூலை இழுத்தால் முழுப் பின்னலும் பிரிந்து பழைய நூற்கண்டாகிவிடும். ஆகவே இது வலையிலிருந்து வளர்ந்த கலையல்ல, வெளியிலிருந்து வந்தது.

வந்த கதையும் நீண்டதன்று. ஐரோப்பாவிலேயே குரோஷா பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குச் சிறு கொக்கி என்று பொருள். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தின்போது கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, பின்னிய லேஸை விற்றுப் பசி தீர்த்தன. தென்னிந்தியாவில் கிறித்தவ மிஷன்கள் இதே வழியில் முன்பே இறங்கியிருந்தன. நாகர்கோவிலில் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் பள்ளி நடத்தினார். அவருடைய மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்த பின் அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அங்கே கற்பித்தது திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் லேஸ், குரோஷா அல்ல. எனினும் பெண் தன் கைவேலையால் காசு ஈட்டலாம் என்ற எண்ணத்தை ஊன்றியதில் இந்த லேஸ் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. இதேபோல், கடலூருக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரியில், குளூனி சபைக் கன்னியரின் தையற்கூடத்தில் பெண்கள் இன்றும் எம்பிராய்டரி செய்கிறார்கள்.

மிஷன் பள்ளிகளிலிருந்து இத்தகைய கைவேலை பெண்கள் பள்ளிகளின் தையல் வகுப்புக்குப் போனது. தையல், எம்பிராய்டரிக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளும் வந்தன. குரோஷா பரவுவதற்கு நூலும் துணை செய்தது. குளிர்நாட்டுக் கம்பளி கடலோர வெக்கைக்கு ஆகாது. பருத்தி நூல்தான் பொருந்தும். மதுரை மில்லும் கோட்ஸ் நிறுவனமும் 1974இல் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. அதன் ஆங்கர் நூற்கண்டு சிற்றூர் ஃபேன்சி ஸ்டோர் வரை வந்து சேர்ந்தது.

வீட்டில் பின்னியவை பெரும்பாலும் சின்னச் சின்னப் பொருள்கள். டம்ளருக்கு அடியில் வைக்கும் வட்டத்தை அரை மணியில் முடிக்கலாம். பால் செம்புக்கு மூடும் வலைத்துணியின் ஓரத்தில் கண்ணாடி மணி கோப்பார்கள். மணியின் கனம் துணியைக் காற்றில் பறக்கவிடாது, உள்ளே ஈ புகாது, பாலுக்குக் காற்றோட்டமும் இருக்கும். இதைவிடக் கச்சிதமான சமையலறைப் பொருள் அரிது. பிறந்த குழந்தைக்குத் தொப்பி, காலுறை. ஜாக்கெட் கையோரம், தலையணை உறையின் விளிம்பு. நிலைவாசலுக்கு மாவிலை வடிவில் பச்சை நூல் தோரணம். கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தாம்பூலப் பை. தொழுகைக்கு அணியும் வெள்ளை வலைத்தொப்பியிலும் ஒரு வகை குரோஷாதான். மேசை விரிப்பு விறைப்பாக நிற்கச் சர்க்கரைப் பாகில் தோய்ப்பது வெளிநாட்டு முறை; இங்கே எறும்பு மொய்க்கும், சோற்றுக் கஞ்சியே போதும்.

வானொலிப் பெட்டிக்கும் பிறகு டி.வி.க்கும் போட்ட உறைகள், பெட்டி தட்டையானதும் மறைந்தன. அன்றாடப் பை என்ற இடத்தைப் பிளாஸ்டிக் ஒயர் கூடை எடுத்துக்கொண்டது. பரிசு என்ற இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. வாங்கிய பொருளில் பணம் தெரியும். பின்னிய தொப்பியில் அதற்காக ஒதுக்கிய மாலைப்பொழுது தெரியும்.

கைவேலையை விற்கும் வழியும் பிறகு வந்தது. தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1991-92இல் அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் வந்தது. 1993இல் அம்மாவட்டம் பிரிந்து கடலூர் தனி மாவட்டமானது. கைவேலையைக் குழுவாகச் செய்து விற்க இத்திட்டம் வழி திறந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு, ஆரோவில்லை ஒட்டிய மீனவ ஊர்ப் பெண்கள் துணித் துண்டுகளால் 'சுனாமிகா' என்ற விரலளவுப் பொம்மையைச் செய்யத் தொடங்கினார்கள். அது குரோஷா அல்ல. ஆனால் கைவேலையின் குணம் அதில் முழுமையாக உண்டு. அந்தப் பொம்மை விற்பனைக்கில்லை. பரிசாக மட்டுமே கொடுக்கப்பட்டு உலகம் முழுவதும் போனது.

விற்பனைக்குப் போன குரோஷாவின் கதை வேறு. ஆந்திரத்தின் நரசாபுரம் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஏற்றுமதிக்காக வீட்டிலிருந்தே பின்னுகிறார்கள். அவர்களைப் பற்றி ஆய்வாளர் மரியா மீஸ் 1982இல் எழுதிய நூல் ஒரு கசப்பான உண்மையைக் காட்டியது: வேலையை இல்லத்தரசிகளின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று பெயரிட்டுவிட்டதால் கூலி அடிமட்டத்தில் நின்றது, இலாபம் வியாபாரிகளுக்குப் போனது. நரசாபுரம் குரோஷா லேஸ் 2024இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஸ்வெட்டர் பின்னலை எந்திரம் எப்போதோ செய்யத் தொடங்கிவிட்டது. குரோஷாவைச் சந்தைக்கென அப்படியே பின்னும் எந்திரம் இன்னும் இல்லை. எந்திரத் துணி அதன் சாயலைத்தான் காட்டும். கடையில் கிடைக்கும் உண்மையான குரோஷாப் பொருள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையால் பின்னியது. அதன் விலை மிகக் குறைவாக இருந்தால், குறைக்கப்பட்டது அந்தக் கைக்குரிய கூலிதான்.