பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்: ஜாவா, பைத்தான் – ஓர் ஒப்பாய்வு

ஆங்கிலத்தில் சிறிய 'ஐ'யைப் பெரிதாக்கினால் தலைமேல் இருக்கும் புள்ளி போய்விடும். துருக்கி மொழியில் போகாது. அங்கே புள்ளி வைத்த 'ஐ' ஓர் எழுத்து, புள்ளியில்லாத 'ஐ' வேறோர் எழுத்து. இரண்டுக்கும் தனித்தனிப் பெரிய வடிவம் உண்டு. அப்படியானால், ஒரு சரத்தைப் பெரிய எழுத்தாக்கும்போது அது எந்த மொழிச் சரம் என்று யார் சொல்வது? ஜாவாவும் பைத்தானும் இங்கேதான் பிரிகின்றன.

ஜாவாவின் 'டூஅப்பர்கேஸ்', 'டூலோயர்கேஸ்' இரண்டும், நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால், நிரல் ஓடும் சூழலின் லொக்கேலை, அதாவது மொழி-வட்டார அமைப்பை, எடுத்துக்கொள்கின்றன. பெரிய எழுத்தில் உள்ள 'டைட்டில்' என்ற ஆங்கிலச் சொல்லைத் துருக்கி லொக்கேலில் சிறிதாக்கினால், புள்ளியில்லாத 'ஐ' வந்துவிடும். ஜாவாவின் ஆவணமே இந்த எடுத்துக்காட்டைத் தந்து எச்சரிக்கிறது. துருக்கி வாசகருக்கான தலைப்பு என்றால் அந்த விதி தேவை. கட்டளைச் சொல்லோ கோப்பு வகையின் பெயரோ என்றால், பெர்லினில் ஒழுங்காக ஓடிய நிரல் இஸ்தான்புல்லில் தடுமாறும். எந்த மொழியையும் சாராத 'லொக்கேல் ரூட்' என்று வெளிப்படையாகக் கொடுப்பதே இதற்கு மருந்து.

பைத்தான் 3-இன் 'அப்பர்', 'லோயர்' மொழியைக் கேட்பதே இல்லை. யூனிகோடின் பொது விதிதான். எங்கே ஓடினாலும் ஒரே விடை. துருக்கிச் சொல்லைச் சரியாகப் பெரிதாக்க வேண்டுமானால் ஐசியு போன்ற வெளி நூலகத்தை நாட வேண்டும்.

பொது விதிகளில் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஜெர்மன் 'எஸ்ஸெட்' பெரிதானால் இரண்டு 'எஸ்' ஆகிறது, சரமே நீள்கிறது. 2008-இல் பெரிய எஸ்ஸெட் யூனிகோடில் சேர்ந்த பிறகும் இந்த விதி மாறவில்லை. கிரேக்கச் 'சிக்மா' சொல்லின் இறுதியில் வேறு சிறிய வடிவம் எடுப்பதும் இரண்டுக்கும் தெரியும்.

ஒப்பிடும்போது மறுபடி பிரிவு. பைத்தான் 3.3 அதற்கென்றே 'கேஸ்ஃபோல்டு' தந்தது. அதன்படி எஸ்ஸெட்டும் இரட்டை 'எஸ்'ஸும் சமம். ஜாவாவின் 'ஈக்குவல்ஸ்இக்னோர்கேஸ்' எழுத்துக்கு எழுத்து பார்ப்பதால், அவை அதற்கு வேறு வேறு.

மனிதருக்குக் காட்டும் எழுத்துக்கு ஜாவாவிடம் வசதி அதிகம். இயந்திரம் ஒப்பிடும் எழுத்துக்குப் பைத்தானிடம். இயல்புநிலை எது நல்லது என்றால், பைத்தானுடையதே. அதன் பிழை எல்லாக் கணினியிலும் ஒரேபோல் தெரியும், சோதனையில் சிக்கும். ஜாவாவின் பிழை வேறொரு நாட்டுக் கணினியில் காத்திருக்கும். தமிழில் இந்த எழுத்துப் பிரிவே இல்லாததால், தமிழ்த் தரவை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இரண்டின் பிழையும் கண்ணில் படாது. துருக்கி, ஜெர்மன், கிரேக்கச் சொற்களில் ஒவ்வொன்றையாவது சோதனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.